தவளைக்குப் பேர் போட்டவள்

ஏலே தவக்களை,

இருபத்தைந்து வயதுப் பிள்ளையை, அதுவும் அடுத்த மாதம் விமானம் ஏறப்போகிற பிள்ளையை, இப்படிக் கூப்பிட்டு ஒருத்தி கடிதம் ஆரம்பிப்பாளா என்று நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொள். இந்தக் கடிதத்தில் கேலி இந்த ஒரு வரியோடு சரி என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் வாய் என் பேச்சைக் கேட்டதே இல்லை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கொழுந்துக் கூடை முதுகில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுவதற்கும் காலண்டரில் குறிப்பதற்கும் தவிர பேனாவைத் தொட்டதில்லை. எழுத்து கோணிக்கொண்டு போனால் நிமிர்த்திப் படி. படித்து முடித்ததும் மதுரையில் உனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற பேராசிரியை அம்மாவிடமும் இதைக் கொடு. அவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதியும் இதில் இருக்கிறது. நான் இதை எழுதுவது உன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அங்கருந்து வாரப்ப உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாய். "நம்ம காலண்டர்ல இருந்த சிட்டைப் பார்த்தா, அம்மா கேட்டான்னு சொல்லுடா" என்றேன். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு முத்தக்காவின் போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்தவள், உலை கொதிக்கிற சத்தம் கேட்டும் எழுந்திருக்கவில்லை. காலண்டர் என்ற வார்த்தை என் வாயிலிருந்தே வந்துவிட்டதே! நாலு வருடமாக அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் போகாமல் நான் சுற்றி நடந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

அது உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி பாய் கொடுத்த மாதக் காலண்டர். மேலே பாதிக்குப் படம், கீழே தேதிக் கட்டங்கள். படத்தில் ஒரு சிவப்புப் பூ, அதன் முன்னால் அந்தரத்தில் நிற்கிற ஒரு குட்டிப் பச்சைப் பறவை. நீ மதுரையிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்தாய். ஆணி அடித்து மாட்டிவிட்டு நான்தான் ஆரம்பித்தேன். "இந்தா பாரு, அழகுன்னா இது அழகு. நகைக்கடை வாசல்ல பொறந்த மாதிரி மின்னுது. நீயும் ஓடைக்குள்ள ஒரு தவக்களையக் கண்டுபிடிச்சு வச்சிருக்கியே, பொண்ணு பாக்கப் போனா பொண்ணு வீட்டுக்காரக கதவைச் சாத்திருவாக." நீ கோபப்படவில்லை. அது நம்மூர்த் தேன்சிட்டு இல்லை, ரீங்காரச் சிட்டு, கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்துக் காடுகளில்தான் உண்டு என்று பொறுமையாகச் சொன்னாய். "பின்னாலயும் பறக்கும்மா." "நம்ம மலை ரோட்டு வளைவுல உங்க மாமா ஜீப்பை ரிவர்ஸ் எடுப்பானே, அந்த மாதிரியா?" "அதைவிட நல்லாவே பறக்கும். குளிர்ல ராத்திரி ஒடம்பு சில்லிட்டு, செத்த மாதிரி கெடக்கும். விடிஞ்சதும் சூடேறி எந்திரிக்கும்." "அப்ப அது முத்தக்காவேதான். அவளையும் விடிய எழுப்பிப் பாரு, அப்படித்தான் கெடப்பா." சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்தக்கா, "எனக்குக் காது கேக்குதுடீ!" என்று கத்தியது ஞாபகம் இருக்கிறதா?

அன்றைக்கு நீ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. இரண்டும் கட்டைவிரல் அளவுதான், இரண்டும் பச்சை, இரண்டுக்கும் ஈரக்காடு வேண்டும் என்றாய். தண்ணீரில் தலைப்பிரட்டையாக நீந்துவதெல்லாம் உன் தவளையின் குஞ்சுக்குக் கிடையாது, இலைக்குப் பின்னால் முட்டைக்குள்ளேயே கையும் காலும் முளைத்து முழுத் தவளையாகத்தான் வெளியே வரும் என்றாய். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஒரே வித்தியாசம்தாம்மா. பூ இல்லேன்னா சிட்டு அடுத்த காட்டுக்குப் பறந்துரும். இது எங்கன போகும்? இந்த ஓடையை விட்டா இதுக்கு வேற ஊரே கெடையாது." அதற்கும் நான் ஒரு கேலி வைத்திருந்தேன். "நம்மளை மாதிரின்னு சொல்லு" என்றேன். நீ சிரிக்கவில்லை.

ஓடையை விட்டால் அது பிழைக்காது என்பதை உன் பன்னிரண்டாவது வயதிலேயே எனக்கு நீ காட்டிவிட்டாய். அப்போதும் நான் பார்க்கவில்லை. வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் இறங்கினோமே, சித்திரை வெயிலில். நீ டிபன் பாக்ஸில் பாசியை நனைத்து, அதற்குள் அந்தத் தவளையை வைத்து எடுத்து வந்திருக்கிறாய். அம்மனுக்குக் காட்டவாம். சின்னமனூர் தாண்டுவதற்குள் அது செத்துவிட்டது. கோவில் கூட்டத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ டப்பாவைத் திறந்து பார்த்து அழுதபோது, "என்னடா உன் மாப்பிள்ளை, ஒரு வெயில் தாங்க மாட்டேங்கிறான்!" என்று நான் கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றைக்குத்தான் உனக்குத் தவக்களை என்று பேர் விழுந்தது. பெரியம்மா பிள்ளைகள் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அழுகிற பிள்ளையை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது ராசா. அழ விடாமல் சிரிக்க வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். உனக்கு அது வைத்தியமாக இருந்ததா என்று நான் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு ரொம்ப நாள் நீ ஓடையிலிருந்து கொண்டுவந்த எதையும் என் கண்ணில் காட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுப் படக் காலண்டர் வந்த அதே வருடம்தான், லயத்துக்குக் கீழே ஓடுகிற ஓடையின் இரண்டு கரையையும் வெட்டி ஏலக்காய்ச் செடி வைக்கப்போவதாக எஸ்டேட்டில் பேச்சு வந்தது. உன் பேராசிரியை அம்மா எஸ்டேட் மேனேஜர் துரையைப் பார்க்க இவ்வளவு தூரம் மலையேறி வந்தார். அந்த ஆளும் கெட்டவர் இல்லை. "ஒரு மழைக்காலம் பாப்போம். மேல தேயிலைக்கு எப்படியும் மருந்தடிக்கத்தான் போறோம். அடிச்ச பெறகு தவளைச் சத்தம் கொறைஞ்சா, கரையைத் தொடமாட்டோம். கொறையலேன்னா நீங்க தடுக்கக் கூடாது" என்று சொன்னார். உனக்குப் பரீட்சை. மதுரையிலிருந்து தினமும் வந்து நிற்க முடியாது. அப்போதுதான் நீ என்னிடம் கேட்டாய். கொழுந்து எடை போட்டுவிட்டு வந்ததும், இருட்டுவதற்கு முன்னால், ஓடைப் பாலத்தில் கால் மணி நேரம் நிற்க வேண்டும். வளையலில் வளையல் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று கேட்டால் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ஒரு சுழி. கேட்கவில்லையென்றால் ஒரு கோடு. "அவ்ளோதாம்மா. வேற ஒண்ணும் எழுத வேணாம்" என்றாய். "இதுக்குத்தான்டா உன்னை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வச்சேன், தவளைக்கு என்னைக் கங்காணியாக்க" என்றேன். ஆனால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பிள்ளையின் படிப்பில் எனக்கும் ஒரு வேலை.

முதல் மாதம் முழுக்க ஒழுங்காகப் போனேன். அட்டைக்குப் பயந்து காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். நன்றாகவே கேட்டது. ஒன்று ஆரம்பித்தால் எதிர்க்கரையில் ஒன்று பதில் சொல்லும். கட்டம் கட்டமாகச் சுழி. பிறகு மேலே மருந்து அடித்தார்கள். உன் அப்பாவும் அந்த வேலையில்தான் இருந்தார். அதற்கு அடுத்த நாள் போய் நின்றேன், ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாளும் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். இரண்டு கோடு போட்டிருந்தேன். மூன்றாவது கோடு போடப் பேனாவை எடுத்தபோது ஆபீஸ் பையன் ஓடிவந்தான், உன் போன் என்று. "எத்தனை சுழிம்மா?" என்று எடுத்ததும் கேட்டாய். "ரெண்டு நாளாக் கேக்கலடா" என்றேன். அந்தப் பக்கம் நீ மூச்சு விடுவதுதான் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் முன்னாலேயே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், டிபன் பாக்ஸைத் திறந்தபோது. என்னால் தாங்க முடியவில்லை. "ஆனா இன்னைக்கு நல்லாக் கேட்டுச்சு! கச்சேரியே வச்சுருச்சுக" என்று சொல்லிவிட்டேன். "நெசமாவாம்மா?" "உன் மாப்பிள்ளைக மேல சத்தியமா." நீ சிரித்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்து சுழி போட்டேன். அதற்குப் பிறகு நான் பாலத்துக்குப் போகவே இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டே அந்த மழைக்காலம் முழுவதும் சுழி போட்டேன். மழைச் சத்தத்தில் எனக்குத்தான் காதில் விழவில்லை போல என்று உன்னிடம் சமாளித்துவிட்டு, முதலில் போட்ட இரண்டு கோட்டையும் வளைத்துச் சுழியாக்கினேன். அது பொய் என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் உறுத்துகிறது. உனக்குத் தெரியும், காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது வராதவள் பேருக்கு நேரே கோடு விழும். கோடு விழுந்தால் அன்றைக்கு அவள் இல்லை. கைப்பிள்ளையாக உனக்கு ஒரு தடவை காய்ச்சல் அனலாக அடித்தபோது, உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் வீட்டில் கிடந்தேன். பழைய கங்காணி, பாவம், "அவ மேல் மலையில நிக்கிறா" என்று சொல்லி எனக்கு முழுப் பேர் போட்டார். நானும் முத்தக்காவுக்காக எத்தனையோ தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இல்லாதவளுக்குப் பேர் போட்டுக் கொடுப்பதுதான் லயத்தில் ஒருத்திக்கு ஒருத்தி செய்கிற நல்ல காரியம். அந்த நினைப்பிலேயே நான் தவளைக்கும் பேர் போட்டேன். அதுகளும் எங்கேயோ மேல் மலையில் நிற்கும், நாளைக்கு வந்துவிடும், பிள்ளை மனசு ஏன் கெட வேண்டும் என்று. பேர் போட்டால் எனக்குக் கூலி வந்தது. தவளைக்கு என்ன வரும் என்று நான் யோசிக்கவில்லை.

வெட்டுக்கத்திதான் வந்தது. காலண்டரில் சத்தம் குறையவே இல்லை என்று பார்த்த துரை, சொன்ன வார்த்தைப்படி கரையைத் துப்புரவாக வெட்டச் சொன்னார். உன் பேராசிரியை அம்மாவாலும் தடுக்க முடியவில்லை. வெட்டப் போனவர்களில் உன் அப்பாவும் ஒருவர். அன்று சாயந்தரம் அவர் ஒரு இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "உன் மகன் சொல்லுவானே, இதானா பாரு" என்றார். இலையின் அடியில் ஜவ்வரிசி மாதிரி ஏழெட்டு முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துளித் தவளை. கண் இருந்தது. கையும் காலும் இருந்தன, நீ சொன்னபடியே. ஒன்று உள்ளேயே புரண்டு படுத்தது. அன்றைக்கு எனக்கு வாயில் ஒரு கேலியும் வரவில்லை. இலையைக் கொண்டுபோய் ஓடை ஈரத்தில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே நிழலுக்கு ஒரு செடி இல்லை. மறுநாள் நல்ல வெயில். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

நீ லீவுக்கு வந்து பாலத்தில் இரண்டு சாயந்தரம் நின்றாய். திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னாய்: "எனக்குத் தவளை புரியலம்மா. மருந்தடிச்சும் கத்துனது, இப்ப ஒண்ணுகூட இல்ல. நான் எங்கயோ தப்பாப் படிச்சிருக்கேன்." அப்போது என் வாயைத் திறந்திருக்க வேண்டும். உனக்கு எதிரே காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தவளை போனா போகுது, அந்தச் சிட்டைப் போய்ப் படி. அதாவது பாக்க லட்சணமா இருக்கு." எப்போதும் போல உன்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய். நீ ஏறப்போகிற விமானம் அங்கே கிளம்பியதுதான்.

அந்தக் காலண்டர்க் கணக்கை வைத்து நீ எழுதிய கட்டுரை அச்சில் வந்ததும் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாயே: "மழையிலும் தவறாமல் பாலத்தில் நின்று கேட்ட என் அம்மாவுக்கு நன்றி." அப்பா பெருமையில் தோளில் கிடந்த துண்டை உதறினார். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பாலே இல்லை. அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கடல் தாண்டிச் சிட்டைப் படிக்கிறவர்கள் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் நீ சொல்லியிருக்கிறாய். அதனால்தான் உன் அப்பா இந்தக் கடிதத்தைத் தடுக்கிறார். நேற்றுத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "புள்ளை போற நேரத்துல காலை வாரி விடுறியா? போயிட்டு வரட்டும், பெறகு சொல்லு. செத்த தவளை இனிமே கேக்கவா போகுது?" என்றார். "செத்தது கேக்காதுங்க. உசுரோட இருக்கிறவன் தன்னை முட்டாப்பயன்னு நெனைச்சுக்கிட்டுப் போறானே" என்றேன். அவர் வெளியே போய்விட்டார். ஆனால் இந்தக் காகிதமும் தபால் தலையும் கீழே சின்னமனூரிலிருந்து அவர்தான் வாங்கி வந்து வைத்திருக்கிறார்.

ஆகவே கேட்டுக்கொள். உன் தவளை பொய் சொல்லவில்லை. மருந்தடித்த மறுநாளே அது வாயை மூடிவிட்டது. உன் படிப்பும் பொய் சொல்லவில்லை. சொன்னது நான். நீ ஒன்றையும் தப்பாகப் படிக்கவில்லை, தப்பாக எழுதின காலண்டரைச் சரியாகப் படித்தாய். இதை உன் பேராசிரியை அம்மாவிடம் சொன்னால் உன் பயணம் நின்றுபோகலாம் என்று எனக்குத் தெரியும். நின்றுபோனால் நீ என்னோடு பேசாமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும். ஆனால் சொல்லிவிடு. போகக் கிடைத்தால், போகிற இடத்தில், அன்றைக்குச் சிட்டு வரவில்லையென்றால் வரவில்லை என்று எழுது. யார் மனசு கெட்டாலும் எழுது. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அழுதால், கொஞ்ச நேரம் அழ விடு. இது இரண்டும்தான் என்னிடம் இருக்கிற புத்திமதி. இரண்டும் எனக்குத் தாமதமாக வந்தவை.

இந்த வருடம் மழை இறங்கிய நாளிலிருந்து நான் மறுபடி பாலத்துக்குப் போகிறேன். வெட்டின கரையில் ஏலக்காய்ச் செடி தோளுக்கு வந்துவிட்டது. முதல் நாள் போய் நின்றதும் டிக் என்று கேட்டது. எனக்கு உயிரே வந்துவிட்டது. மூச்சை அடக்கிக் கேட்டால், அட்டையைத் தட்டிவிட நான் கையை ஆட்டும்போது என் வளையல்தான் தட்டுகிறது. மறுநாளிலிருந்து கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் கழற்றிப் பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டுத்தான் நிற்கிறேன். வழியில் பார்த்த உன் அப்பா, "நான் இன்னும் சாகலடி!" என்று கத்தினார். "தெரியுதுங்க, சத்தம் இங்கன வரைக்கும் கேக்குது. செத்த நேரம் சும்மா இருங்க, தவளை கேக்கணும்" என்றேன். முத்தக்கா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இந்த வருடக் காலண்டரில் சிட்டு இல்லை, ஏதோ அருவி. அதன் கீழே இரண்டு மாதத் தாள்களிலுமாக முப்பத்து மூன்று கோடுகள். ஒவ்வொன்றும் நான் நின்று போட்டது. பேர் போட்டுக் கொடுக்கச் சொல்லி ஒவ்வொரு நாளும் பேனா வளையப் பார்க்கும். போடவில்லை.

முந்தாநாள் பாலத்தோடு நிற்காமல், ஓடைவழியே மேலே ஏறிப் போனேன். பெரிய பாறைக்கு அந்தப் பக்கம், கத்தி எட்டாத இடத்தில், கொஞ்சம் புதர் அப்படியே இருக்கிறது. வளையல் கையில் இல்லை. கையை அசைக்காமல் நின்றேன். இரண்டு தடவை கேட்டது. டிக், டிக். அவ்வளவுதான், பிறகு இல்லை. எதிர்க்கரையிலிருந்து பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். அந்தக் கட்டத்தில் ஒன்றும் போடவில்லை. கேட்டது நிஜமா, கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதா, எனக்கே நிச்சயமில்லை. என் காது உன்னை ஒரு தடவை ஏமாற்றிய காது. பாறை வரைக்கும் ஏறுகிற வழியை அரிவாளால் ஒதுக்காமல், கையால் விலக்கி வைத்திருக்கிறேன். விமானத்துக்கு முன்னால் ஒரு சாயந்தரம் வந்து நின்று கேள். கேட்டால் சுழி, கேட்காவிட்டால் கோடு. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வளையல் இல்லாத கையோடு,
உன் அம்மா